பேரப்பிள்ளைகளோடு கடற்கரையில் ஒரு நாள்: முதன்முறை அழைத்துப் போகிற தாத்தா பாட்டிகளுக்கு

கடற்கரைக்குப் போனால் அலையில் காலை நனைத்து, மணலில் வீடு கட்டி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வழக்கம். அதுவும் நல்ல பொழுதுதான். ஆனால் ஒரு முழு நாள் கையில் இருந்தால், கரையைத் தேடிப் பார்க்கலாம். பாறை இடுக்கில் என்ன இருக்கிறது, ஈர மணலில் யார் நடந்து போனார்கள், இந்த ஓட்டில் ஓட்டை போட்டது யார் என்று பார்த்துக்கொண்டே போகிற நடை. இதற்குத் தாத்தா பாட்டிகளைவிடப் பொருத்தமான துணை கிடையாது என்பது என் எண்ணம். நமக்கு வேகமாக நடக்க முடியாது. குழந்தைக்கு வேகமாக நடக்கப் பிடிக்காது. இருவரும் ஒரே இடத்தில் கால் மணி நேரம் குனிந்து நிற்போம். கரை தன்னைக் காட்டுவது அப்படி நிற்பவர்களுக்குத்தான்.

நான் பல முறை பேரனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்த் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

முதல் முறை நாங்கள் நம் வசதிக்கு நேரம் குறித்துக்கொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது கடல் முழுக்க ஏறியிருந்தது. பார்க்க நினைத்த பாறைகள் தண்ணீருக்கு அடியில். மிச்சம் இருந்தது நாலு எட்டு அகல மணல்தான். பேரன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து ஓத நேரம் பார்க்காமல் தேதி குறிப்பதில்லை.

நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஏறி இறங்குகிறது. இதுதான் ஓதம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். சில இடங்களில் ஒரே ஒரு முறைதான். இரண்டு முறை ஏறும் கரையில், ஏற்றத்தின் உச்சியிலிருந்து அடிவரை வற்ற ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் ஆகும். நிலவும் பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், இன்றைக்குக் கடல் வற்றிய நேரத்தைவிட நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வற்றும். போன சனிக்கிழமை காலையில் பாறை தெரிந்ததே என்று இந்தச் சனிக்கிழமையும் அதே நேரத்துக்குப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும். கடல் அதிகமாக ஏறும், அதே அளவுக்கு அதிகமாக வற்றவும் செய்யும். அரைநிலா நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. தேடிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அமாவாசை பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள் அருமையான நேரம். மற்ற நாளெல்லாம் நீருக்குள் இருக்கும் பாறை அப்போதுதான் வெளியே வரும். ஏறும் வேகமும் அப்போதுதான் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் கரைக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். செல்போன் செயலிகளும் உண்டு. துறைமுகங்களும் வெளியிடுகின்றன. அதில் கடல் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தை, அதாவது தாழ் ஓத நேரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வற்றிக்கொண்டு போகும் நீரின் பின்னாலேயே நடந்து போகலாம். தாழ் ஓத நேரம் வந்ததும் திரும்பத் தொடங்கிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். கரைப்பக்கமாக நடந்துகொண்டே பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். ஏறும் நீர் சில சமயம் நமக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை முதலில் நிரப்பும். முன்னால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாது.

காலையில் தாழ் ஓதம் வருகிற நாளாகத் தேர்ந்தெடுத்தால் வெயில் பிரச்சினையும் பாதி தீர்ந்தது.

எந்தக் கரை

பாறையும் மணலும் கலந்த கரை கிடைத்தால் அதுவே போதும். உயிர்காப்பாளர் பணியில் இருக்கிற கரையா, கழிப்பறை இருக்கிறதா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் மணலில் நடக்க வேண்டும், உட்கார நிழல் உண்டா என்று நாலையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் காய்ந்த மணல் கஷ்டம். நீர் வற்றிய இடத்தில் மணல் இறுகியிருக்கும், அங்கே நடை சுலபம். முகத்துவாரங்களை, அதாவது ஆறு கடலில் கலக்கும் இடங்களை, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீரின் இழுப்பு அங்கே எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

பையில் என்ன

பழைய ஷூ அல்லது பின்பட்டை உள்ள செருப்பு, எல்லோருக்கும். பாறையில் வெறுங்கால் ஆகாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நினைப்பதைவிட அதிகமாகக் குடிதண்ணீர், துண்டு, மாற்றுடை, சின்ன முதலுதவிப் பை. சாப்பாடு கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி, மூடிய டப்பாவில் இருக்கட்டும். பிசுபிசுப்பானது எதுவாக இருந்தாலும் மணலும் சேர்ந்து வாய்க்குள் போகும்.

இதோடு நான் தவறாமல் எடுத்துப்போகும் நான்கு: ஒரு பூதக்கண்ணாடி, ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு காந்தம், மூடி இறுக்கமான ஒரு சின்ன பாட்டில். எதற்கு என்பது பின்னால் வரும்.

பிள்ளைகளுக்கு உடை எடுக்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு போன்றவை தூரத்திலிருந்தும் தெரியும். கிளம்புகிற அன்று காலையில் பிள்ளைகளை அதே உடையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால், என்ன போட்டிருந்தான் என்று பதற்றத்தில் யோசிக்க வேண்டியிராது.

போனதும் முதல் பத்து நிமிடம்

இறங்கியதும் ஓட விடாதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று கடலைப் பாருங்கள். முதலில் கொடி. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் இருப்பது உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி. தனிச் சிவப்பு என்றால் ஆபத்து, இறங்கக் கூடாது. பல நாடுகளில் இதுதான் முறை. உங்கள் கரையில் வேறு அடையாளம் இருந்தால் பணியில் இருப்பவரிடமே கேளுங்கள். அவர்களிடம் பேசுவது இன்னொரு விதத்திலும் நல்லது. இன்றைக்கு ஜெல்லி மீன் வந்திருக்கிறதா, எந்தப் பக்கம் இழுப்பு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது இழுவை நீரோட்டம். கரைக்கு அலைகள் கொண்டுவந்த தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகத் திரும்பிப் போக வேண்டுமே. அது ஒரு குறுகிய ஓடையாகக் கடலுக்குள் பாயும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அது இழுவை நீரோட்டமாக இருக்கலாம். விவரம் தெரியாதவர்கள் அலை இல்லாத இடம்தான் குழந்தைக்குப் பத்திரம் என்று நினைத்து அங்கேயே கொண்டுபோய் இறக்குவார்கள். இதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதை எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதக்க வேண்டும். கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை மணலில் குச்சியால் படம் போட்டுக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் காவல் முறை. இதில் நான் மிகக் கண்டிப்பு. நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். அதனால் ஒருவர் மட்டும் காவல், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது. காவலில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. முங்குகிற குழந்தை கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது கூப்பிட மூச்சு இருக்காது. சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிறு பிள்ளை முழங்கால் அளவு நீரில் நின்றாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். காற்றடைத்த மிதவைப் பொம்மைகளை நம்ப வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடித்தால் அவை பிள்ளையோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. நீர் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ, நுரைத்துக் கொந்தளித்தாலோ, நிலம் அதிர்வதை உணர்ந்தாலோ, ஒரு நொடியும் நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கரை ஒன்றில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதுச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு பள்ளியில் படித்த பாடத்தை வைத்துக் கடல் நுரைப்பதைப் பார்த்துச் சுனாமி என்று புரிந்துகொண்டாள். பெற்றோரிடம் விடாமல் சொன்னாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். என் பேரனிடம் இதைச் சொன்னபோது, "நான் சொன்னா நீங்க நம்புவீங்களா பாட்டி?" என்று கேட்டான். நம்புவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இனி நடை

ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கடைசியாகக் கடல் ஏறி வந்த இடத்தில் பாசி, ஓடு, குச்சி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். பொக்கிஷம் அங்கேதான். சிப்பி ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். சிலவற்றில் துளைக்கருவியால் போட்டது போல வட்டமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சில வகைக் கடல் நத்தைகள் மற்ற சிப்பிகளைப் பிடித்து, நாக்கில் உள்ள அரம் போன்ற பற்களால் ஓட்டைச் சுரண்டி, அமிலம் போன்ற ஒன்றைச் சுரந்து இளக வைத்து, துளை வழியாக உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். குழந்தை கையில் இருப்பது ஒரு வேட்டையின் தடயம். இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டைச் சிப்பி தேடுவதே வேலையாகிவிடும்.

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் காய்ந்த மணலில் இழுக்கச் சொல்லுங்கள். பல கரைகளில் கருப்புத் துகள்கள் வந்து ஒட்டும். மேக்னடைட் என்ற இரும்புத் தாது அது. எங்கோ உள்நாட்டுப் பாறையில் இருந்து ஆற்றோடு வந்தது. உறையை உருவினால் துகள்கள் உதிர்ந்துவிடும், காந்தமும் சுத்தமாக இருக்கும்.

அடுத்து பாறைகள். நீர் வற்றும்போது பள்ளங்களில் கடல் நீர் தேங்கி நிற்கும். அந்தக் குட்டைகளில்தான் நிற்க வேண்டும், நிறைய நேரம் நிற்க வேண்டும். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. நம் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒளிந்துகொள்ளும். அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஒரு முறை சாப்பாட்டுத் தட்டு அளவே இருந்த ஒரு குட்டையில் ஐந்து வயதுப் பேத்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு துறவி நண்டு. வேறு நத்தை விட்டுப்போன ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டு இது. அதன் வயிற்றுப் பகுதிக்குச் சொந்த ஓடு கிடையாது. பக்கத்தில் கொஞ்சம் பெரிய காலி ஓடு ஒன்று கிடந்தது. நண்டு அதைக் கொடுக்கால் தட்டியது, உருட்டியது, வாய்ப்பக்கம் உள்ளே கொடுக்கை விட்டு அளந்தது. போய்விட்டது. திரும்பி வந்தது. மறுபடி அளந்தது. பேத்தி மூச்சுக்கூட விடவில்லை. சட்டென்று பழைய ஓட்டிலிருந்து உடம்பை உருவியது. சுருண்ட, மெத்தென்ற, வெளிறிய வயிறு கண்ணிமைக்கும் நேரம் தெரிந்தது, அடுத்த நொடி புது ஓட்டுக்குள் போயிருந்தது. "பாட்டி, அது வீடு மாத்திடுச்சு!" என்று அவள் என் காதில் ரகசியமாகச் சொன்னாள், நண்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. துறவி நண்டுகள் சில சமயம் பெரியது முதல் சிறியதுவரை வரிசையில் நின்று, ஒன்று காலி செய்ததில் அடுத்தது என்று மாறிக்கொள்வதும் உண்டு. காலி ஓடுகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஒன்றிரண்டு எடுத்தால் போதும், அதுவும் உள்ளே ஆள் இல்லை என்று உறுதியான பிறகு.

பாறைமேல் சின்னச் சின்ன எரிமலை போல ஒட்டியிருப்பவை கொட்டலசுகள். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் தண்ணீரைத் துழாவி இரை பிடிப்பவை. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் இவற்றையே ஆராய்ந்துகொண்டிருந்தார். நீருக்குள் இருக்கும் கொட்டலசைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், இறகு போன்ற கால்கள் வெளியே வந்து வந்து போவது தெரியும்.

சிறு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் மெதுவாக, பார்த்ததும் அதே இடத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். அடியில் வாழ்பவை வெயிலில் காய்ந்து செத்துப்போகும். டப்பாவில் ஏதாவது பிடித்துப் பார்த்தால் கடல் நீரோடு பிடித்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த குட்டையிலேயே விடுங்கள். நட்சத்திர மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம். அதன் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாகக் கடல் நீரே ஓடுகிறது என்று சொன்னால் பிள்ளைகளே கையை எடுத்துவிடுவார்கள்.

தொடக் கூடாதவையும் உண்டு. மணலில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். கூம்பு வடிவ அழகான சங்குகளை உயிரோடு கையில் எடுக்கக் கூடாது. சிலவற்றின் விஷம் ஆளையே கொல்லும். உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளெலியை மிதித்துவிடாமல் இருக்கத்தான் ஷூ. ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, உயிர்காப்பாளரிடம் போங்கள். மூச்சு முட்டினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ உடனே மருத்துவ உதவி.

நடுப்பகல்

நடந்து முடித்து நிழலுக்கு வந்துவிடுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் அதிகம். மணலும் நுரையும் அதைத் திருப்பி அடிப்பதால் குடைக்கு அடியில் இருந்தாலும் முகம் கறுக்கும். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கிளம்புமுன் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நீரில் இறங்கி வந்தால் உடனே மறுபடி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு.

நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று காத்திருந்தால் தலை சுற்றும். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்களும் குடியுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

உட்கார்ந்தபடி செய்ய வேலைகள் உண்டு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை அலை உடைகிறது என்று எண்ணலாம். தொடுவானம் எவ்வளவு தூரம் என்று பந்தயம் வைக்கலாம். கண் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் குழந்தைக்கு அது சுமார் 3.6 கிலோமீட்டர், 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரியவருக்குச் சுமார் 4.5. அப்பா தோளில் ஏற்றிக்கொண்டால் குழந்தையின் பார்வை ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும், உடனே எல்லோரும் தோளில் ஏற வரிசையில் நிற்பார்கள்.

மணலில் குழி தோண்டுவதற்கு ஒரு கட்டுப்பாடு: கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையின் முழங்காலைவிட ஆழம் போகக் கூடாது. மணல் சரிந்து மூடினால் கையால் அள்ளி மீட்பது மிகக் கடினம். சுரங்கம் தோண்டவே வேண்டாம்.

கிளம்பும்போது

தோண்டிய குழியை மூடிவிட்டு, கோட்டையைக் கலைத்துவிட்டு வாருங்கள். ஆமைகள் முட்டையிடும் கரைகளில், இரவில் பொரிந்து கடலைத் தேடி ஓடும் குஞ்சுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாது. ஆமைக்குஞ்சுக்கு வழி விடுகிறோம் என்று சொன்னால் பிள்ளைகளே ஓடிவந்து கோட்டையை இடிப்பார்கள். நம் குப்பையோடு கண்ணில் பட்ட பிளாஸ்டிக் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி, ஊசி, மீன் தூண்டில் முள் ஆகியவற்றை எடுப்பது பெரியவர்கள் வேலை.

அந்தச் சின்ன பாட்டிலில் கடல் நீர் நிரப்பி எடுத்து வாருங்கள். வீட்டில் ஒரு தட்டில் ஊற்றி ஜன்னல் ஓரம் வையுங்கள். 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் ஆவியானதும் அது தட்டில் தங்கும். இரண்டு மூன்று நாளில் காய்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பரலும் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலண்டரை எடுத்து, அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.